அங்கமுத்து தண்டலின் கைராசி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தால் பொறுப்பதில்லை. நடந்தால் எங்கே என்பார்கள், நின்றால் ஏன் என்பார்கள். உட்கார்ந்துவிட்டாலோ, அடியில் எதையோ மறைத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

அங்கமுத்து தண்டல் பழவேற்காட்டு ஏரியில், இடுப்பு முங்கும் தண்ணீரில், சேற்றில் உட்கார்ந்திருந்தார். எதிரே ராஜவேலு நின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன், வலைக்காரன். அடுத்தவன் சட்டியில் எத்தனை மீன் வேகிறது என்று மூக்காலேயே எண்ணிச் சொல்லக்கூடியவன்.

"இன்னா மாமா தேடுற?"

"ஒண்ணும் தேடல."

"அப்ப இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற?"

"நல்லா கீது. குந்திக்கினு கீறேன்."

ராஜவேலு நம்பவில்லை. அவனைக் குறை சொல்வதற்கும் இல்லை. முகத்துவாரத்து அலையில் உலாந்தா தேசத்து வெள்ளைக்காரர்களின் துணி மூட்டைப் படகுகளை முப்பத்தெட்டு வருஷம் பத்திரமாகக் கடலுக்குக் கொண்டுசேர்த்த தண்டல், படகாட்களின் தலைவர் அவர். எந்த அலை உடையும், எந்த அலை ஏமாற்றும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் கை தூக்கினால்தான் படகு நகரும். உலாந்தாக் கோட்டையில் தொப்பி போட்டவன் தொண்டை கிழியக் கத்தினாலும் நகராது. அப்படிப்பட்டவர் காரணமில்லாமல் சேற்றில் உட்காருவாரா?

காரணம் இருந்தது. சொன்னால் ஒருத்தனுக்கும் புரியாத காரணம்.

வயதாகிவிட்டது என்று அவர் வேலையை விட்டபோது கோட்டைக்காரர்கள் ஒரு கறுப்புத் தொப்பியும் ஒரு கட்டுப் புகையிலையும் கொடுத்து அனுப்பினார்கள். தொப்பியில் அவர் மனைவி காசியம்மாள் புளி போட்டு வைத்தாள். புகையிலை பத்து நாளில் தீர்ந்தது. அந்தப் பத்து நாளும் தண்டல் வீட்டிலேயே இருந்தார். ஓட்டுவதற்குப் படகு இல்லாததால் அடுப்பை ஓட்டினார். உலையில் அரிசி போடப் போனால் கையைத் தூக்கி "பொறு" என்பார். குழம்பு இறக்கும் சமயத்தில் "இப்ப, இப்ப, இப்ப" என்று கூவுவார். நாற்பது வருஷமாக அந்த அடுப்பில் சமைத்த காசியம்மாள் பதினோராம் நாள் பனையோலையில் முடைந்த பறிக்கூடை ஒன்றை அவர் கையில் திணித்து, ஏரியில் போய் இறால் தடவிவிட்டு வரச் சொன்னாள்.

வலையில்லாமல் சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவது ஏரிக்கரைக் குடும்பங்களின் தொழில். அந்தக் குடும்பங்களில் முனியம்மா என்று ஒருத்தி, அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடலில் போகிறவன் அதைத் தொடமாட்டான், தொட்டாலும் வராது. தண்டலுக்கும் முதல் ஒரு வாரம் சேறுதான் வந்தது. வெறும் பறியோடு சீக்கிரமே வீடு திரும்பி, அடுப்பங்கரையில் போய் நின்றார்.

எட்டாம் நாள் கை திறந்துகொண்டது. விரல் நடுவே ஒரு துள்ளல். அமுக்கிப் பிடித்தார். இன்னொன்று. நீர் வற்றும்போது இரண்டு மணல் திட்டுக்கு நடுவே தேங்கி நிற்கும் ஒரு பள்ளம் அது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பிடி இறால் எடுத்துவிட்டார். எத்தனையோ ஆயிரம் மூட்டைகளைக் கப்பலேற்றியவர். அதில் ஒரு முழத் துணிகூட அவருடையதில்லை. இந்த ஒரு பிடி அவருடையது. அன்றைக்கு அவர் ஊருக்குள் நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள், கோட்டையையே எழுதி வாங்கிவிட்டாரோ என்று நினைத்தார்கள்.

அதிலிருந்து தினமும் அதுதான். வெதுவெதுப்பான தண்ணீர். கால் விரல் நடுவே சேறு. முழங்காலைக் கொத்திப் பார்க்கும் பொடிமீன். பறி பாதி நிறைந்ததும் எழுந்து வந்து, தணலில் வாட்டி, உப்புத் தொட்டுத் தின்பது. இதற்கு மேல் ஒரு கிழவனுக்கு என்ன வேண்டும்?

வேண்டாதது ஒன்றுதான், ராஜவேலு. அவன் தொலையட்டும் என்று தண்டல் ஒரு பொய் சொன்னார். அந்தப் பள்ளத்தில் திருக்கை இருக்கிறது, முள்ளை ஏற்றிவிடும் என்றார். திருக்கை இருக்கிற இடத்தில் கிழவர் எப்படித் தினமும் உட்காருகிறார் என்று ராஜவேலு யோசித்தான். மறுநாள் பத்துப் பேரோடு வந்தான்.

பத்துப் பேரும் பள்ளத்தை உழுதார்கள். இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். தண்டல் வெறும் பறியோடு உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே வீடு திரும்பி, காசியம்மாளுக்கு அரிசி களையக் கற்றுக்கொடுத்தார்.

அதற்கு மறுநாள் அதே பள்ளத்தில் இரண்டு மடங்கு இறால் இருந்தது. பத்துப் பேருக்கும் கிடைத்தது, தண்டலுக்கும் கிடைத்தது. சேதி பரவியது. மூன்றாம் நாள் முப்பது பேர் வந்தார்கள். கால் நீட்ட இடமில்லை.

தண்டல் இடத்தை மாற்றினார். காசியம்மாள் இப்போதெல்லாம் அந்தி சாய்ந்ததும் "நாளைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். முப்பத்தெட்டு வருஷம் முகத்துவாரத்தில் உயிரைப் பணயம் வைத்தபோது ஒரு நாளும் கேட்காதவள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. எவனும் வரக்கூடாது என்பதற்காக, சிப்பி குத்தும் வடக்குத் திட்டுக்குப் போகப்போவதாக அவளிடம் சொன்னார். நண்டுகூட வெறுத்து ஓடிப்போன இடம் அது.

அங்கேயும் இறால் இருந்தது.

தண்டல் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எட்ட நின்று பார்த்த ராஜவேலு ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லிவிட்டான்.

ஏரியில் எவன் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது அங்கத்திய வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த முறையை மீறுகிறவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஊர்த் தலைவர் மாசிலாமணி நாட்டார் கூட்டத்தைக் கூட்டி, தண்டல் உட்காரும் இரண்டு இடத்தையும் பாடு முறைக்குள் சேர்த்தார்.

"குந்தறதுக்குமா சீட்டு?" என்று கேட்டார் தண்டல்.

"குந்தறதுக்கு இல்ல அண்ணே. எழுந்து போவச்சொல்ல பறியில கீதே, அதுக்கு" என்றார் நாட்டார்.

ஓலை நறுக்குகளைப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். முதல் முறை ராஜவேலுவுக்கு விழுந்தது. அவன் பொண்டாட்டி, மச்சான், மச்சானின் மச்சான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொழுது சாயும்வரை தடவினான். ஒரு கிழிந்த கோணியும் நிறையச் சேறும் கிடைத்தன. அடுத்தடுத்து ஆறு பேர் முறை. ஆறு பேருக்கும் சேறு. எட்டாவது நாள் தண்டலின் முறை. போய் உட்கார்ந்த நாழிகைக்குள் பறி நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இடத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் அவர் கையில்தான் என்று ஊர் தீர்மானித்தது. புது வலையைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். படகைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். ஒருத்தி தன் மருமகனின் தலையைத் தொடச் சொன்னாள். தண்டலுக்குச் சும்மா உட்காரும் சுகம் பாதி போயிற்று. ஆனால் முகத்துவாரத்தில் இருந்தபோது இருந்ததைவிடக் கழுத்து இரண்டு விரற்கடை கூடுதலாக நிமிர்ந்தது.

அப்படி நிமிர்ந்திருந்த நேரம் பார்த்துக் கோட்டையில் வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி வந்தார். பெரிய கப்பல் வந்திருக்கிறது, கப்பல் தலைவருக்கு விருந்து, நான்கு கூடை இறால் வேண்டும் என்றார். ஏரிக்கரைப் பெண்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாராம். வழியில் தண்டலின் கையைப் பற்றி நாலு பேர் சொன்னதால் பார்த்துவிட்டுப் போக வந்தாராம்.

"வயசாயிடுச்சி, முடியாதுன்னா சொல்லிடும்" என்றார் துபாசி.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கவேண்டாம்.

"நாலு போதுமா?" என்று கேட்டார் தண்டல்.

சேதி கேட்டுக் காசியம்மாள் கையிலிருந்த அகப்பை உலைக்குள் விழுந்தது.

"ஒரு கூடைன்னு சொல்லக்கூடாதாய்யா?"

"புடிக்கப் போறவன் நானு. உனக்கு இன்னா வலி?"

"எங்க குந்தப் போற?"

"காலையில தண்ணியப் பாத்துத்தான் சொல்லணும்."

"இப்பவே சொல்லு."

அவள் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு அவருக்கே பாவமாகிவிட்டது. பழைய பள்ளம்தான் என்றார். காசியம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். அம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்று தண்டல் நினைத்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க நான்கு கூடை நிறையாவிட்டால் தொப்பியைப் போலத் தன் பெயரிலும் யாராவது புளி போட்டு வைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நன்றாகத் தூங்கினார். தன் கையை அவர் நம்பினார்.

காலையில் ஊரே கரையில் நின்றது. துபாசி குடை பிடித்த ஆளோடு வந்திருந்தார். நாட்டார் அன்றைய பாடு முறையைத் தண்டலுக்கே விட்டுக்கொடுத்தார். தண்டல் கோட்டைத் தொப்பியைப் புளியை உதறிவிட்டுத் தலையில் போட்டுக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார். இறாலின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். சேற்றில் இறால் இருந்தது என்பதைவிட, இறாலில் கொஞ்சம் சேறு இருந்தது என்பதுதான் சரி. கையால் எடுத்தார், இரண்டு கையாலும் எடுத்தார், கடைசியில் கூடையாலேயே அள்ளினார். நான்கு கூடை நிறைந்து, துபாசியின் குடையைக் கவிழ்த்து அதிலும் போட்டார்கள். நடுவே ஒரு பெரிய நண்டும் வந்தது. அதன் இரண்டு கொடுக்கும் ஓலை நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

ராஜவேலு அதைத் தூக்கிப் பிடித்தான். "மாமா, இதுக்கு யாரு கொடுக்கு கட்டினது?"

தண்டல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"எவன் கையில மாட்டப்போறோம்னு தெரிஞ்சிக்கிச்சி. அதுவே கட்டிக்கிச்சி."

கரை சிரித்தது. ராஜவேலு முதல் முறையாக அவர் சொன்னதை நம்பிவிட்டவன்போல நண்டை மரியாதையாகக் கூடையில் வைத்தான். கூடைகள் கோட்டைக்குப் போயின. துபாசி போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஆள் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

தண்டல் தனக்கென்று ஒரு பிடி இறாலைப் பறியில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வழியில் கருவேல மரத்தடியில் ஏரிக்கரைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கினாள். முனியம்மா அவரைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தாள்.

"தண்டலய்யா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. நாளைக்கு எந்தப் பள்ளத்துல குந்தப் போறீங்கன்னு முன்னாடியே எங்கிட்ட சொல்லிடுங்க. நீங்க வெறும் பறியோட ஊட்டுக்கு வந்தா அடுப்பாண்ட நிக்க வுட மாட்றீங்கன்னு காசியம்மா கெஞ்சிக் கேட்டுதேன்னுதான் இத்தினி மாசமா நாங்க புடிச்ச இறாலக் கொணாந்து பள்ளத்துல கொட்டினு கீறோம். அது வந்து எடத்தச் சொல்றதுக்குள்ள பொழுது போயிடுது. இருட்டுல இத்தினி இறாலத் தூக்கிக்கினு எந்தப் பள்ளம்னு அலையறது?"

தண்டல் அவளைப் பார்த்தார். பறிக்குள் பார்த்தார். ஓர் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அடுத்தவன் கை விளங்கினால் இவர்களுக்கு ஆகாது. அதற்காக இப்படியா ஒரு கதை கட்டுவார்கள்? அதுவும் சொந்தப் பொண்டாட்டியைச் சேர்த்து?

தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு நடந்தார். குழம்பு இறக்கும் நேரம் ஆகியிருந்தது.