தலையில்லா வெட்டுக்கிளியும் ராத்தாவின் சேவலும்

பாலமுனை

அன்பின் மச்சான் முர்ஷித் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நியூசிலாந்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கு சேவலைத் தவிர எல்லோரும் நலம். போன் உங்கள் ராத்தாவின், அதாவது என் மனைவியின், கையில் இருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

அங்கே ஆற்றுமீன் பிடிப்பவர்கள் இறகால் செய்த வெட்டுக்கிளியைத் தூண்டிலில் கட்டுகிறார்கள், கால் அசல் கால் போலிருந்தால்தான் மீன் வாய்வைக்கும், நில அளவைக் கந்தோரில் உத்தியோகம் பார்த்துப் படம் வரைந்த என் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தூண்டில் முள்ளும் நூலும் அனுப்பியவர் நீங்கள். நானும் ஓமென்றுவிட்டேன். இறகு வேண்டுமே! வீடு ராத்தாவின் சீதனம், வீட்டைச் சுற்றிய வளவு அவருடையது, கோழிகளும் அவருடையவை. எனக்கென்று இருப்பது மூக்குக்கண்ணாடி ஒன்றுதான். அவர் அஸர் தொழ நின்ற நேரம் பார்த்துச் சேவலின் வாலில் கைவைத்தேன். இறகிலிருந்து ஓர் இழையை உருவி நடுவில் முடிச்சுப் போட்டு இறுக்கினால் முழங்கால் மடிந்துவிடும். வார்னிஷ் தடவினால் அப்படியே நிற்கும். கால்கள் அச்சொட்டாக வந்ததில் எனக்கே பயம் பிடித்து, உயிருள்ளதன் உருவம் செய்த குற்றமாகிவிடுமோ என்று மௌலவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தலை இல்லாட்டிப் பரவால்ல, கச்சிமுகம்மது காக்கா" என்றார். அன்றிலிருந்து தலையில்லா வெட்டுக்கிளிதான். மீன்கள் மன்னிக்கட்டும்.

முதலாவதைக் காயட்டுமென்று ஜன்னல் கட்டின் மேல் வைத்தேன். சேவல் அதைக் கொத்திவிட்டது. தன் இறகையே தெரியாத பிராணி! அதிலிருந்த முள் அலகில் மாட்ட, அதைக் கழற்ற நான் அதன் வாய்க்குள் விரலை விட்டபடி நிற்கையில் ராத்தா வந்தார். அலகைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த இறகுகளைப் பார்த்தார். "அது ஒங்களுக்கு என்ன செஞ்ச?" என்றார். அதோடு சரி. சேவல் தப்பிவிட்டது. எனக்குத்தான் சோறு வருகிறது, ஆணம் வருகிறது, அவர் வாயிலிருந்து கதைதான் வருவதில்லை. இத்தனை காலம் அந்த வாய்க்குப் பயந்திருந்த நான் இப்போது அந்த வாய் இல்லாமல் தவிக்கிறேன் மச்சான். நீங்கள் போன் எடுத்து, எல்லாப் பிழையும் உங்களுடையதென்று சொல்லிவிடுங்கள். இனி இறகைத் தொடமாட்டேன், வல்லாஹி. செய்தவற்றை இத்துடன் அனுப்புகிறேன்.

உங்கள் தூண்டிலில் அல்லாஹ் நிறைய மீனும் பறக்கத்தும் போடுவானாக. பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
மச்சான் கச்சிமுகம்மது

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். நான் உறை தேடப்போன நேரத்தில் ராத்தா கடிதத்தையும் வாசித்து, வெட்டுக்கிளிகளையும் பார்த்துவிட்டார். "வயல்ல வெட்டுக்கிளியக் கண்டதே இல்லையா? முழங்கால் முதுகுக்கு மேல நிக்கோணும். இதுக்குச் சேவல் ஏமாறும், மீன் ஏமாறுமா?" என்றார். கதைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்! தானே ஓர் இழையை எடுத்து ஒரு கால் முடிந்து காட்டினார். குதித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிச்ச வாலையும் அவரே பிடுங்கித் தந்தார். இந்த வளவில் இப்போது என்னோடு கோபமாயிருப்பது சேவல் மட்டும்தான்.