சாவி ஓட்டை இல்லாத பம்பர்

எருமை மாட்டிடம் தோற்றவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. (எங்கள் வீட்டுக்கு வந்தீர்களானால், உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தாறு வயது. யுத்தத்தில் பட்டாளத்துக்கு உழைத்து, ஏலத்தில் பல கை மாறி வந்த ஒரு பழைய பிக்கப் வேன் என்னிடம் இருந்தது. சுற்றுவட்டாரத்துக் காய்கறி, பழங்களை ஏற்றிவந்து திண்டுக்கல் மண்டியில் இறக்குவேன். வண்டியில் செல்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. முன்னால், ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் ஓட்டையில் இரும்பு ஹேண்டிலை விட்டு வேகமாகச் சுற்றினால்தான் என்ஜின் உயிர் பெறும். இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை, அதனால் வந்த வினைதான் எல்லாம்.

ஒருநாள் கன்னிவாடியிலிருந்து தக்காளி ஏற்றி வரும்போது ரோட்டின் நடுவில் ஒரு எருமை நின்றது. ஹாரன் அடித்தேன். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். ஒதுங்க வேண்டியது யார் என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பிரேக் பிடித்தும் வண்டி மெதுவாகப் போய் மோதியது. எருமை தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டது. என் பம்பர் அப்பளமாக நொறுங்கி, ரேடியேட்டர் உடைந்து வெந்நீர் ஊற்றியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சேதி ஆயக்குடி வரைக்கும் போய்விட்டது.

ஆயக்குடியில் வேலுச்சாமி என்பவரின் கொய்யாத் தோட்டத்தில் வாரம் ரெண்டு லோடு ஏற்றுவேன். அவர் மகள் மரகதம்தான் பழத்தைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்குவாள். "மெதுவா வைங்க, கல்லா ஏத்தறீங்க?" என்று என்னை அதட்டுவாள். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே சில கூடைகளை நான் தொப்பென்று வைத்ததுண்டு. கட்டினால் இவளைத்தான் என்று அம்மாவை நச்சரித்து, மாமாவைப் பேச அனுப்பினேன்.

வேலுச்சாமி சொன்ன பதிலை மாமா அப்படியே கொண்டுவந்து ஒப்பித்தார். "பையன் நல்ல பையன்தானுங்க. ஆனா வண்டி ஓட்டறவங்களுக்கு வீடு வாசல் நெனப்பு இருக்காதுங்க, வண்டி போற பக்கமே போயிருவாங்க. அதுவும் எருமை முட்டி நின்னுபோன வண்டியாமே. சரிங்க, வர்ற ஞாயித்துக்கெழமை பொண்ணைப் பாக்க வாங்க, பேசுவோம்."

இதில் வீடு வாசல் என்கிற சமாச்சாரம் என் காதில் ஏறவே இல்லை. எருமை மட்டும்தான் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டிக்கு ஒரு பம்பர் போடுவது, அதைப் பார்த்து அந்த மனுஷன் வாயடைத்துப் போவது என்று சபதமே எடுத்துவிட்டேன்.

புத்தியுள்ளவன் என்றால் ரேடியேட்டரை ஒட்டிக் கொடுத்த வண்டிப் பட்டறைக்கே பம்பருக்கும் போயிருப்பான். நான் இரும்புப் பெட்டி செய்யும் இபுராகிம் பாயிடம் போனேன். திருடன் விடிய விடியத் தட்டினாலும் அசையாத பெட்டிகள் அவருடையவை.

"பாய், யானை முட்டினாலும் அசங்கக் கூடாது."

"வண்டி வேலை நான் பாத்ததில்லையே அப்பு. எனக்குப் பெட்டிதான் தெரியும்."

"பெட்டி மாதிரியே செஞ்சிருங்க."

"போல்ட் போட்டு மாட்டிரவா? வேணும்னா கழட்டிக்கிடலாம்."

"கழட்டவே கூடாது பாய். ரிவிட் அடிங்க."

"முன்னாடி பூராம் தகடு வச்சு அடைக்கச் சொல்றீக. எங்கிட்டாவது ஓட்டை கீட்டை வைக்கணுமா?"

"ஒரு எறும்பு நுழையக் கூடாது."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "சாவி ஓட்டை இல்லாத பெட்டிய நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. சரி, உங்க இஷ்டம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பட்டறை லீவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வேலை முடிந்தது. மேலும் கீழும் ரயில் தண்டவாளத் துண்டு, நடுவே கனத்த தகடு, அதற்கு மேல் கறுப்பு பெயிண்ட். கனம் தாங்காமல் வண்டி தலையைக் குனிந்து நின்றது. எனக்கு அது வணக்கம் சொல்வதுபோல் தெரிந்தது. நேரமாகிவிட்டதால் அம்மாவையும் மாமாவையும் பட்டறைக்கே வரச்சொல்லி ஏற்றி உட்கார வைத்தேன். பட்டறை ஆட்கள் நாலு பேர் சரிவில் தள்ளிவிட்டார்கள், கீர் போட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஹேண்டிலைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆயக்குடியில் பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் முறைப்படி நடந்தது. பதற்றத்தில் காப்பி டம்ளரை நான் டொக்கென்று வைத்தேன். "மெதுவா" என்று மரகதம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குக் கேசரியைவிட அது இனித்தது. வேலுச்சாமியும் வாசலுக்கு வந்து பம்பரைத் தட்டிப் பார்த்து, "பலமாத்தானுங்க இருக்குது" என்றார். பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்ப வேண்டும் என்று நாலு மணிக்கே "போயிட்டு வாரோம்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டோம். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை உருவிக்கொண்டு, நடையில் ஒரு மிடுக்கோடு வண்டிக்கு முன்னால் வந்து குனிந்தேன்.

கறுப்புத் தகடு. அதில் மங்கலாக என் முகம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். படுத்துக்கொண்டு அடியில் பார்த்தேன்.

"என்னலே தேடுற?" என்றார் மாமா.

"ஓட்டைய மாமா."

ஜன்னலுக்குள்ளிருந்து மரகதம் தன் அம்மாவிடம் கேட்டது தெருவுக்கே கேட்டது. "ஏம்மா, ஹேண்டில் விட ஓட்டை வைக்க மறந்துட்டாருங்களா?"

அப்போது பூமி பிளந்திருந்தால் வண்டியோடு உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. சரி, இங்கேயே இதைப் பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று பக்கத்து வீட்டில் சுத்தியலும் உளியும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரம் அடித்ததில் பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தது, என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. இபுராகிம் பாய் வேலை அவ்வளவு சுத்தம்.

"உள்ள வந்து உக்காருங்க" என்று பெண் வீட்டார் எவ்வளவோ கூப்பிட்டார்கள். "சொல்லிட்டு எறங்கின வீட்டுக்குள்ள திரும்பக் கால் வைக்கக் கூடாது" என்று அம்மா வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் தள்ளுவது என்று முடிவானது. கனம் குறையட்டும் என்று அம்மாவை ஏறவிடவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலுச்சாமியே தோள் கொடுத்தார். மாப்பிள்ளை வண்டியை மாமனார் தள்ளிய பெண் பார்க்கும் படலம் எங்கள் ஜில்லாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மணலில் திணறித் திணறி, தெருமுனையில் என்ஜின் பிடித்தது. சனி அங்கேதான் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் அணைந்துவிடும். வண்டியை நிறுத்த கிளட்ச், பிரேக் ரெண்டையும் மிதிக்க வேண்டும். ஆக மொத்தம் மூணு பெடல், எனக்கிருப்பதோ ரெண்டு கால். (ஹேண்ட் பிரேக்கா? அது துண்டு தொங்கப்போடத்தான் லாயக்கு.) நிறுத்தினால் மறுபடியும் வேலுச்சாமி தள்ள வேண்டும். நான் நிறுத்தவில்லை.

"ஏலே, பெத்தவள விட்டுட்டு எங்கடா போற?" என்று அம்மா கத்தினாள்.

"அடுத்த சுத்துல ஏறிக்கம்மா" என்று நானும் கத்தினேன்.

கோயிலைச் சுற்றிக்கொண்டு அதே தெருவுக்கு வந்தேன். முதல் சுற்றில் மாமா ஓடிவந்து பின்பலகையைப் பிடித்துத் தொங்கி ஏறினார். ரெண்டாவது சுற்றில் அம்மா ஓடிப் பார்த்தாள், முடியவில்லை. மூணாவது சுற்றில் வேலுச்சாமியும் அவர் பங்காளியும் அம்மாவை அலாக்காகத் தூக்கி, மேலே நின்ற மாமாவிடம் கொய்யாக் கூடை மாதிரி கொடுத்தார்கள். "மெதுவா வைங்க" என்ற சத்தம் ஜன்னலிலிருந்து வந்தது.

ராகு காலம் தொடங்கியிருந்தது. திண்டுக்கல் வரைக்கும் அம்மா என்னைத் திட்டினாள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. மரகதத்தை இழந்துவிட்டேன் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. வழியில் ஒரு எருமை வந்து மோதினாலும் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றுகூட வரவில்லை.

பத்து நாள் கழித்து வேலுச்சாமியே மண்டிக்கு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மக ஒரே பிடியா நிக்கறாளுங்க. 'வண்டி நின்னுபோனா மானம் போகும்னு தெரிஞ்சும், அம்மாவ விட்டுட்டுப் போகாம மூணு சுத்து வந்தாருப்பா. வீடு வாசல் நெனப்பு உள்ள ஆளுதான்'ங்கறா."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"மூளைய அவ பாத்துக்கறாளாமுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்துக்கொண்டுதான் வருகிறாள். பாய் சொன்னதை ஒருநாள் அவளிடம் உளறிவைத்தேன்; அதிலிருந்து நான் புதுச் சட்டை தைத்தாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, "சாவி ஓட்டை விட்டாச்சா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பேரன் பேத்திகள் வரைக்கும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் புதுக் காரில் வந்தான். எல்லாரும் அவனை வரவேற்க வாசலுக்குப் போனோம். மரகதம் நேராகக் காரின் முன்பக்கம் போய், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து அவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, தள்ள ஆள் வேணும்னா இப்பவே சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரரு கஞ்சி போட்ட வேட்டி கட்டியிருக்காரு, மாத்திக்கிட்டு வரணும்."