ஆறாவது கட்டம்

"லீவு வேணும்னா அவங்க பாஷையிலயே கேளு மாப்ள. அப்பத்தான் மனசு இளகும்," என்றான் அறைத் தோழன்.

கல்யாணமான கையோடு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பி வந்ததால் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர். வெள்ளிக்கிழமை மனைவி வருகிறாள். விமான நிலையத்தில் அவன் நிற்காவிட்டால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக்குத்தானே என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அவன் வேலை பார்க்கும் லாண்டரியின் மேடம் யாருக்கும் லேசில் லீவு தரமாட்டார். சுவரில் டூட்டி போர்டு இருந்தது. அதன் தலைப்பில் இருந்த ஏழு கிழமைகளும் ருமேனிய மொழியில் இருப்பதாகப் போன் சொன்னது. ஆகவே மேடம் ருமேனியாக்காரர் என்று இருவரும் முடிவு கட்டினார்கள்.

லூன், மார்ட்ஸ், மியெர்குர், ஜோய், வினெர், சிம்பட்டா, துமினிக்கா. பள்ளிக்கூடத்தில் சொன்ன வரிசையிலேயே ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டுப் பொருத்தினான். வெள்ளி ஆறாவது. அப்படியானால் சிம்பட்டா.

போனஸாக ஒரு பண்டிகை வாழ்த்தையும் பிடித்துக்கொண்டான். தினமும் காலையில் கைகூப்பி, "சர்பத்தோர் ஃபெரிச்சிதே" என்பான். மேடம் ஒரு கணம் திகைத்து, பிறகு தலையாட்டுவார்.

அந்தத் தெம்பில் செவ்வாயன்று, "மேடம், சிம்பட்டா லீவு," என்றான். மேடம் போர்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஆறாவது கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

வியாழன் மத்தியானம் ரொட்டிக் கடைக்காரம்மாவிடம் பெருமையடித்தான். அந்த அம்மா அசல் ருமேனியாக்காரர்.

"நாளைக்கு சிம்பட்டா. என் மனைவி வர்றா."

"நாளைக்கு வினெர்ப்பா. சிம்பட்டா சனிக்கிழமை. எங்க வாரம் திங்கள்ல ஆரம்பிக்கும்."

ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான்.

"மேடம், சிம்பட்டா வேணாம். வினெர், வினெர்."

மேடம் போர்டில் விரல் வைத்து அந்த வார்த்தையைத் தேடினார். குறியை அழித்து ஐந்தாவது கட்டத்தில் போட்டார். பிறகு அவன் ஏப்ரனைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார்.

"கிளம்பு. இப்பவே," என்றது அந்த விரல்.

தெருவில் நின்று மனைவிக்குப் போன் போட்டான். அவள் விமானம் ஏற வரிசையில் நின்றிருந்தாள்.

"எனக்கு வேலை போயிடுச்சும்மா."

"அப்ப நாளைக்குச் சும்மாதானே இருப்பீங்க? நேரத்தோட வந்து நில்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

வருகிறவளுக்குச் சோறு போட வேலை வேண்டுமே. மறுபடியும் உள்ளே போனான். ருமேனியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கைகளை இறக்கைபோல் விரித்து ஒரு சுற்று ஓடினான். கழுத்தில் தாலி கட்டுவதுபோல் காட்டினான். தூங்கி எழுவதுபோல் நடித்து "நாளைக்கு" என்றான். நிஜமாகவே அழுகை வந்தது.

மேடம் சிரித்துவிட்டார். ஏப்ரனைத் திருப்பிக் கொடுத்து, குறியை மறுபடியும் ஆறாவது கட்டத்துக்கே மாற்றினார்.

"ஐயோ, திரும்பவும் சனிக்கிழமையா," என்று தமிழிலேயே புலம்பினான்.

"எது சனி?" என்று தமிழிலேயே ஒரு குரல். ஒரு மாத லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த இஸ்திரி அக்கா. "மொத கட்டம் ஞாயிறு, அஞ்சாவது இன்னைக்கு, வியாழன். ஆறாவது வெள்ளி. இங்க எல்லாரும் அப்படித்தான் எண்ணுறோம். பழைய சாமான் கடையில வாங்குன போர்டு தம்பி. அதுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப மேடம் ருமேனியா இல்லையா?"

"ருமேனியான்னு யாரு சொன்னா?" என்ற அக்காவின் காதில் மேடம் ஏதோ சொன்னார். "ஆமா, நீ எந்தப் பக்கத்துத் தமிழ்? தினமும் காலையில கும்பிட்டு ஒண்ணு சொல்றியாமே, அதை மேடம் மனப்பாடம் பண்ணி எங்கிட்ட சரி பாக்கச் சொல்றாங்க. உன் பொண்டாட்டி வந்ததும் தமிழ்லயே வரவேக்கணுமாம்."