ஏழாவது மாடிக்காக ஒரு வலைப்பூ

பிண வண்டிக்குள் உட்கார்ந்து வலைப்பூ தொடங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் லாஸ்ட் பஸ் அண்ணன்தான். இல்லை, இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்து என்னோடு சண்டை போடலாம். கடை சாத்தும்வரை இருப்பேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்டினார். கடைசியாக ஏறும் வண்டி அதுதான் என்பதால் லாஸ்ட் பஸ். நான் அங்கே ஒரு சந்துக்குள் கடை போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனரும் நினைவு நாள் அட்டையும் அடித்துக் கொடுப்பவன். செத்தவரின் படத்தை வாங்கிக்கொண்டு வருவது அண்ணன் வேலை. வந்ததும் என் தோள் மேல் ஏறாத குறையாக நின்றுகொண்டு, "இதுல முறைக்கிறாரு பொஸ், கொஞ்சம் சிரிக்க வைங்க லா" என்பார். உயிரோடு இருந்தபோதே சிரிக்காத மனுஷனை நான் எங்கே போய் சிரிக்க வைப்பது? இப்படியே சண்டை போட்டுப் போட்டுச் சிநேகிதமாகிவிட்டோம்.

அவர் வண்டியில் டிரைவருக்கு எதிரே இரண்டு கண்ணாடிகள் இருக்கும். ஒன்று சாலையைப் பார்க்க. இன்னொன்று பெட்டியைப் பார்க்க. "பின்னாடி வர்றவங்க சௌகரியமா இருக்காங்களான்னு பாக்க வேணாமா?" என்பார். சாலையில் மேடு வந்தால் வேகத்தைக் குறைத்துவிட்டு, "பம்ப் வருது ஆன்டி, பிடிச்சுக்குங்க" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வார். ஒருமுறை பக்கத்து சீட்டில் அந்த ஆன்டியின் மகன் உட்கார்ந்திருந்தான். பாவம், அவன்தான் பிடித்துக்கொண்டான்.

எதைப் பார்த்தாலும் "இதுக்கு இன்னொரு வழி இருக்கும்" என்று ஆரம்பிக்கிற வியாதி அண்ணனுக்கு உண்டு. சவப்பெட்டிக்குள் சின்னதாக ஒரு மின்விசிறி வைக்கலாமே என்று முதலாளியிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதற்கெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன். பாக்கியம் அக்கா சொன்ன விஷயத்துக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை.

பாக்கியம் அக்கா அவர் மனைவி. இருவரும் கம்போங் மேடான் பக்கம் ஓர் அடுக்குமாடியில், ஏழாவது மாடியில் குடியிருந்தார்கள். அந்த மாதிரி மலிவு விலை வீடுகளைக் கட்டியவர்களுக்கு அங்கே மனிதர்கள் வாழ்வார்கள் என்று எப்படியோ தோன்றியிருக்கிறது. சாவார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. லிஃப்டுக்குள் சவப்பெட்டி படுக்காது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கால் பக்கமாகச் சரிவார். கீழே வந்து மூடியைத் திறந்தால் மாலை ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். ஊரெல்லாம் உள்ள அடுக்குமாடிகளில் இந்த வேலையை அண்ணனே செய்திருக்கிறார். எந்தக் குடும்பமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அப்படித்தான் லா" என்று விட்டுவிடுவார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பாதி டயாலிசிஸ் நிலையத்திலேயே கழியும். ஒருநாள் அங்கிருந்து திரும்பி லிஃப்டில் ஏறியபோது நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இதுலதானே என்னையும் நிக்க வச்சு இறக்குவீங்க? கையுறை பேக்டரியில வயசு பூரா நின்னுட்டேன். போறப்பயாவது படுத்துக்கிட்டுப் போறேனே."

என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "படுக்க வச்சே இறக்குறேன்னு வாக்குக் குடுத்துட்டேன் பொஸ். எப்படின்னுதான் தெரியல. ஒரு ப்ளாக் ஆரம்பிக்கணும்."

"இப்ப யாருண்ணே ப்ளாக் எழுதறா? எல்லாரும் வீடியோ போட்டுக்கிட்டு இருக்காங்க."

"வீடியோவுல ஆடலாம். யோசிக்க முடியுமா? ஒரு மண்டை பத்தாது பொஸ். நாலு மண்டை சேர்ந்து புதுசா யோசிக்கணும்."

நான் ஒரு மண்டை. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி லோரி வைத்திருக்கும் முட்டைக்கோஸ் மணியம் இன்னொரு மண்டை. மூன்றாவது மண்டை ரூபி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மிரட்டப் பிள்ளைகள் இல்லாமல், மெதடிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவை மிரட்டிக்கொண்டிருந்தார். வலைப்பூவுக்கு ‘இன்னொரு வழி’ என்று பெயர். ஒரே ஒரு விதி: யார் என்ன யோசனை எழுதினாலும் மற்றவர் "முடியாது" என்று சொல்லக்கூடாது.

தொடக்க விழாவை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். நல்ல மதிய நேரத்தில் பிண வண்டியைக் கடை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வெளியே பார்த்தார்கள். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தார்கள். யார் விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதி இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடிவந்தார். "அண்ணே, நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்? என் சோத்துல மண்ணப் போடாதீங்க லா."

அதனால் விழா சந்துக்குப் பின்னால், வண்டிக்குள் நடந்தது. வெயிலுக்கு ஏர்கோன் குளிர் வேறு. சவப்பெட்டி வைக்கும் மேடையில் என் மடிக்கணினி. ரூபி டீச்சர் ஜெபம் செய்தார், மணியம் சூடம் காட்டினார், நான் பொத்தானை அழுத்தினேன். அண்ணனின் முதல் பதிவு வெளியானது. தலைப்பு: ‘என் சம்சாரத்தை நிக்க வைக்காமல் இறக்குவது எப்படி?’ அக்கா ஏழாவது மாடியில் போனில் படித்துவிட்டு, "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்" என்று கீழே கருத்து எழுதினார்.

யோசனைகள் வரத் தொடங்கின. ரூபி டீச்சர் லிஃப்டைப் பெரிதாக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு எழுதுவது பற்றி நீளமாக ஒரு கட்டுரை போட்டார். "டீச்சர், இதுக்குப் பேரு பெட்டிஷன். புது யோசனை இல்ல" என்றார் அண்ணன். ரோஷம் வந்த டீச்சர், நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டில் இறக்கலாம் என்று எழுதினார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "கிளினிக்ல நம்பர் கூப்பிடறதுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கும், வேணாம்" என்றுவிட்டார்.

மணியத்தின் யோசனை வலையும் கப்பியும். லோரியிலிருந்து மூட்டை இறக்குவதுபோல ஏழாவது மாடியிலிருந்து வெளிப்பக்கமாக இறக்கிவிடலாமாம். "முடியாது" என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. விதி இருக்கிறதே. சோதனைக்கு முட்டைக்கோஸ் மூட்டையைக் கட்டி இறக்கினார்கள். நாலாவது மாடி வரைக்கும் ராணி மாதிரி இறங்கியது. அப்புறம் வலை கிழிந்தது. கீழே நின்ற மோட்டார் சைக்கிள்கள் மேலும், குடியிருப்போர் சங்கத் தலைவரின் காடிக் கூரை மேலும் முட்டைக்கோஸ் மழை. வாசலில் ஜாகாவாகக் காவல் இருந்த நேப்பாளிப் பையன் தன் மேசைக்கு அடியில் போய்விட்டான். மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா நிதானமாகக் கேட்டார்: "அதுல நானா இருந்தா?"

அண்ணன் கீழே போய் ஒவ்வொரு முட்டைக்கோஸாகப் பொறுக்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் பலகை ஒன்றோடு வந்தார். அதில் தானே படுத்துக்கொண்டு, துணியால் கட்டச் சொல்லி, படிக்கட்டு வழியாக எங்களைத் தூக்கச் சொன்னார். வேறு யோசனை எதுவும் ஓடாததால் ஒத்திகையாம். படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் பலகை முட்டியது. படுத்தபடியே, "கம்பிக்கு மேல தூக்கு பொஸ், தலைப்பக்கம் உள்ள வாங்க" என்று கட்டளை போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடியில் பாசாரிலிருந்து காய்கறிப் பையோடு ஒரு ஆன்டி மூச்சு வாங்க ஏறி வந்தார். பலகையைப் பார்த்தார். பையைப் போட்டுவிட்டு, "ஐயோ, நேத்துகூட நல்லாத்தானே பேசினாரு" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்ல ஆன்டி, டெஸ்டிங்" என்றார். ஆன்டி அப்படியே படியில் சாய்ந்துவிட்டார். அண்ணனை இறக்கி வைத்துவிட்டு ஆன்டியை அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

இதைப் பதிவாகப் போடலாமா என்று கேட்டேன். "தூக்கிட்டுப் போறது தாத்தா காலத்து யோசனை பொஸ். அதுவும் உங்க மூணு பேருக்கும் முட்டி சரியில்ல. வேற யோசிங்க" என்றார்.

யோசித்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்குள் கேரி தீவுத் தோட்டம் ஒன்றுக்குப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. சிக்னல் போட்டு ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினையும் அணைத்திருக்கிறார். எத்தனையோ வண்டிகள் அந்த வழியாகப் போயிருக்கும். பிண வண்டிக் கண்ணாடியைத் தட்டி "என்ன அண்ணே" என்று யார் கேட்பார்கள்? மத்தியானம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. ஒருத்தன், ஒரே ஒருத்தன் இறங்கித் தட்டியிருக்கலாம்.

அவர் படத்தை நான்தான் பேனரில் போட்டேன். சிரிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லாத படம். வேலை முடிய நேரமானது, கண் தெரியவில்லை.

கீழே கூடாரத்திலேயே சடங்கை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவருடைய முதலாளி. அக்கா கேட்கவில்லை. "ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். நிறுவனத்துப் பையன்கள் பெட்டியை லிஃப்டுக்குள் நிமிர்த்தப் போனார்கள். மணியம் குறுக்கே போய் நின்றார். "அண்ணன் நிக்க மாட்டாரு தம்பி" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வலைப்பூ முழுக்க இறக்குவதைப் பற்றியே யோசித்திருக்கிறோம். ஏற்றுவதைப் பற்றி ஒரு மண்டையும் யோசிக்கவில்லை. இவ்வளவு புதிய சிந்தனை செய்தவர்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

நானும் மணியமும் அந்தப் பையன்களுமாகப் படிக்கட்டில் தூக்கினோம். இரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. மூன்றாவது மாடியில் அந்த ஆன்டி கதவைத் திறந்தார். ஒப்பாரி வைக்கவில்லை. உள்ளே திரும்பி இரண்டு மகன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் வந்து எங்கள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் மாடிக்கு மாடி கதவு திறந்தது. தமிழர், மலாய்க்காரர் என்று யார் யாரோ வந்து தோள் கொடுத்தார்கள். ரூபி டீச்சர் முன்னால் ஏறிக்கொண்டே, "கம்பிக்கு மேல தூக்குங்க, தலைப்பக்கம் உள்ள வாங்க" என்று அண்ணன் சொன்ன அதே வார்த்தைகளை அழுதுகொண்டு சொன்னார்.

ஏழாவது மாடியில் மூடியைத் திறந்தபோது அக்கா குனிந்து நெற்றியைப் பார்த்தார். "பொட்டு கலையல" என்றார். பிறகுதான் அழுதார்.

அதே தோள்களில் படுத்தபடியே அண்ணன் இறங்கிப் போய், கருமாதியும் முடிந்து சில நாள் கழித்து மூவரும் அக்காவைப் பார்க்கப் போனோம். கோப்பி கொடுத்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "வாக்குக் குடுத்தவரு போயிட்டாரு. இப்ப என் விஷயம் என்ன ஆச்சு?"

அன்று அங்கேயே உட்கார்ந்து வலைப்பூவில் ஒரு பதிவு போட்டோம். ‘இன்னொரு வழி கிடைக்கவில்லை. நாங்களே தூக்கிக்கொள்கிறோம்.’ கீழே மூன்று பேரின் பெயரும்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறோம். லிஃப்ட் ஓடினாலும் படியில்தான் ஏறுகிறோம், பயிற்சி என்ற பெயரில். மேலே போய்ச் சேரும்போது எனக்குக் கண் இருட்டும், மணியத்துக்குக் கால் நடுங்கும், டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து எங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

"இந்த லட்சணத்துலயா என்னைத் தூக்கப் போறீங்க?"

"இன்னும் ரெடியாகலக்கா. பல வருஷம் ஆகும் போலிருக்கு. நீங்க அவசரப்படாதீங்க."