சனிக்கிழமை மேடையேற மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்புக்குரிய மச்சான், குளுவாங் தமிழாசிரியர் கமலநாதன் அவர்களுக்கு,

கெலாங் பாத்தாவிலிருந்து உங்கள் தங்கை ஷாமளாவின் கணவன் ரூபேந்திரன் இரு கை கூப்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். அந்தச் சுகத்தைக் கெடுத்தவரே நீங்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில் என்ன சொன்னீர்கள்? "பிள்ளைங்களுக்குப் புதுச் சொல்ல மனப்பாடம் பண்ண வைக்காதீங்க மாப்பிள்ளை, நடைமுறையில பயன்படுத்த விடுங்க, எழுத்துப் பிழை தானா ஓடிடும்" என்றீர்கள். நானும் நம்பினேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள் பிரவீனாவுக்குப் பள்ளியிலிருந்து வாரம் பத்துச் சொல் வரும். ஒவ்வொன்றையும் தாளில் பிழையில்லாமல் எழுதி, பொருந்துகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். முதல் சொல் 'பறிமுதல்'. வேலைக்குக் கிளம்பினால் கைப்பேசியைக் காணோம், பாஸ்போர்ட்டைக் காணோம், இரண்டும் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன, கதவில் தாள் தொங்குகிறது, தொழிற்சாலை பஸ் என்னை விட்டுவிட்டு எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போயே போய்விட்டது. அடுத்த சொல் 'ஆக்கிரமிப்பு'. பக்கத்து வீட்டு ஐயாசாமி அண்ணன் தினமும் நம் வீட்டில் டிவி பார்க்க உட்காருவாரே, அந்த நாற்காலியில் ஒட்டியிருக்கிறாள். மனுஷன் கவனிக்காமல் உட்கார்ந்து, எழுந்து, தாளைப் பின்னால் சுமந்துகொண்டே சாலையோர ஒட்டுக்கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போய், கடையே சிரித்து, இப்போது நம் வாசல் பக்கமே வருவதில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவதுதான் என் உயிரை வாங்கியது. 'காலாவதி'. எங்க ஒட்டினா தெரியுமா? எங்க கல்யாணப் படத்துல! நானும் அந்தப் பக்கம் போனவன், "அட, எழுத்து என்னா அழகு, அப்படியே இருக்கட்டும்மா"ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். பிழை இருக்கான்னுதான் பாத்தேன் மச்சான், அர்த்தத்த யாரு பாத்தா? உங்க தங்கச்சி பின்னாலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அலமாக்! மூணு நாளா சோறு இல்ல லா, வெறும் ரொட்டிதான்.

இது போதாதென்று, வரும் சனிக்கிழமை பள்ளியில் குடும்பச் சொல்வதெழுதுதல் போட்டி. மேடையில் பிள்ளை ஒரு சொல் எழுத வேண்டும், கூட வந்த பெரியவர் அடுத்த சொல்லை எழுத வேண்டும், ஊரே உட்கார்ந்து பார்க்கும். "நீங்கதான் பெரிய புலவராச்சே, நீங்களே ஏறுங்க" என்று ஷாமளா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். எனக்கு எழுத வராது என்று நினைத்துவிடாதீர்கள். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டுப் பேப்பரை நான் ஒரு பக்கம் விடாமல் வாசித்ததை நீங்களே பார்த்தீர்கள். சனிக்கிழமை ஓவர்டைம், அவ்வளவுதான். எனவே எனக்குப் பதிலாக நீங்கள் வந்து மேடையேறி என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லுங்கள். உங்கள் மேல் இருந்த கோபம் எழுதி முடிப்பதற்குள் பாதி இறங்கிவிட்டது.

இப்படிக்கு,
ரூபேந்திரன்

பின்குறிப்பு: மாமா, நான் பிரவீனா. அப்பா சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அவர் பேசியதை எழுத்துத் தமிழுக்கு மாற்றியதும் நானே; கோபத்தில் வேகமாகச் சொன்ன இடத்தை மட்டும் மாற்ற நேரமில்லாமல் அப்படியே எழுதிவிட்டேன். அப்பா மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுதப் படிக்க வராது. உங்கள் வீட்டுப் பேப்பரில் படம்தான் பார்த்தாராம். அவருக்குத் தமிழ் வராது என்பது கல்யாணமான முதல் வாரமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதாம். கல்யாணப் படத்தில் அந்தத் தாளை ஒட்டச் சொன்னதும் அம்மாதான். சனிக்கிழமை ஓவர்டைம் எதுவும் இல்லை. உறையில் முகவரி எழுதச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போயிருக்கிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். என் ஒன்றாம் ஆண்டுப் பயிற்சிப் புத்தகத்தை அவர் வேலைப் பையில் ஒளித்துக் கொண்டுபோகிறார். திறந்து பார்த்தேன், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மேலே உள்ள கையெழுத்தும் அவரே தமிழில் போட்டதுதான். தயவுசெய்து நீங்கள் மேடையேற வர வேண்டாம் மாமா. நாங்கள் கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, எனக்கு அப்பாதான் வேண்டும். பார்க்க வந்தால் பின்வரிசையில் உட்காருங்கள். உங்களைப் பார்த்தால் அப்பாவுக்கு எழுத்து மறந்துவிடும்.