நகர்ந்துவிட்டால் நிறுத்தக் கூடாது

இருபது வருஷமாக அனுப்பர்பாளையத்தில் உட்கார்ந்து குளிர்தேசத்துக்காரர்களுக்கு ஸ்வெட்ஷர்ட் தைத்து அனுப்புகிறேன். குளிரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது, கட்டிய பெண்டாட்டியை ஜெர்மனியில் பனியில் விட்டுவிட்டுப் போன அன்றுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் மெஷின், வேன், கரண்டு என் பொறுப்பு. துணி, விலை, சரக்கு வாங்குகிற பையரிடம் பேச்சு எல்லாம் என் பெண்டாட்டி சுமதி. (அதாவது, கம்பெனி சுமதியுடையது.) அன்று எங்கள் முதல் பெரிய ஆர்டர் பேசப் போக வேண்டும். அது கிடைக்காவிட்டால் புது மெஷின்களுக்கு வேலையே இல்லை. அங்கேயே வேலை பார்க்கும் அவள் தம்பி பிரபு தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தான். ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடந்தது.

"மூணே விஷயந்தானுங்க மச்சான். பிரேக்க அமுக்காதீங்க. ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க. மேட்டுல ஒருக்கா நகந்துட்டா நிறுத்தாதீங்க."

"அப்புறம் எதுக்குங்க மாப்ள ரெண்டு பெடலு?"

"மெல்லமா தொடோணுமுங்க. வண்டி வாலு வலது பக்கம் இழுத்தா, ஸ்டீரிங்கையும் வலது பக்கமே திருப்போணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மச்சினனிடம் போய் வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தலையை நன்றாக ஆட்டி வைத்தேன்.

முதல் மேட்டிலேயே வண்டி நின்றது. டயர் பனிக்கான டயர்தான். ஆள்தான் அனுப்பர்பாளையம். மழைக்காலத்தில் சேற்றில் வேன் மாட்டினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன்: ஓங்கி ஒரு மிதி. சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறித்தது. இறங்கி முன் மூடியைத் திறந்தேன்.

"சுமதி, உன் தம்பி வண்டில எஞ்சினையே காணோம்!"

"அது பின்னாடி இருக்குதுங்க. முன்னாடி நம்ம சாம்பிள் பெட்டிதான் இருக்குது."

பெட்டியைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. (வந்த வினை.) உள்பக்கம் பிரஷால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய ஸ்வெட்ஷர்ட் துணி, டயருக்கு நல்ல பிடி கிடைக்கும்.

"ஏனுங்க, பையருக்குக் காட்டற பீஸுங்க அது!" என்று பதறிய சுமதி, கொஞ்சம் யோசித்து, "பையர் பாக்கறது 'எம்' சைஸத்தான், அதத் தொடாதீங்க. எக்ஸ்.எல் எடுங்க" என்றாள்.

பெட்டியை இறக்கி, மூடியைச் சாத்தி, இரண்டு எக்ஸ்.எல்லைச் சக்கரத்தடியில் விரித்தோம். அவள் பின்னாலிருந்து தள்ள, நான் பெடலை மெல்லமாகத் தொட்டேன். வண்டி நகர்ந்தது!

கண்ணாடியில் பார்த்தால் சுமதி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். அவள் வண்டியில் ஏறவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் 'நகர்ந்துவிட்டால் நிறுத்தக் கூடாது' என்பதுதான் மண்டையில் ஓடியது. 'மேட்டில்' என்ற சொல் எங்கே போய்த் தொலைந்ததோ! திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு ரவுண்டானாவில் நுழைந்தேன். வால் வலது பக்கம் இழுத்தது. வலதா, இடதா என்று குழம்பியே மூன்று முறை சுற்றியதில், எந்த வழியாக வந்தேன் என்பதே மறந்துபோனது. என் போன் வேறு அவள் பையில். ஒருவழியாக வண்டி வெளியே வந்து, பிரபு மேப்பில் போட்டுக் கொடுத்திருந்த பையர் ஆபீஸ் வாசல் பனிக்குவியலில் முட்டி நின்றது.

பையர் கைகொடுத்தார். "உங்கள் மனைவி?"

"பனியில்."

"சாம்பிள்?"

கார் மூக்கைத் திறந்து பார்க்கிறேன், காலி. பெட்டியை நானே இறக்கி ரோட்டோரம் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அதுவும் பனியில்" என்றேன். வெட்கத்தில் செத்தே போனேன். சுமதிக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அரைமணி நேரத்தில் பனி அள்ளும் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து கையில் பெட்டியோடு சுமதி இறங்கினாள். அவள் கோட்டு காரிலேயே கிடக்க, எங்கள் ஸ்வெட்ஷர்ட் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். மேலே இருந்த எக்ஸ்.எல்லில், நெஞ்சுக்குக் குறுக்கே டயர் தடம். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பையரிடம் போய்ப் பேச ஆரம்பித்தாள். கோட்டு போட்ட நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவள் நடுங்கவில்லை. பையர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்டர் கிடைத்தது.

கோயம்புத்தூர் வந்து இறங்கியதும் சுமதி செய்த முதல் வேலை, எங்கள் கார் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டது.

அந்த எக்ஸ்.எல் இப்போது எங்கள் காரில் டிரைவர் சீட்டுக்கு உறை. எங்கே கிளம்பினாலும் சுமதி முதலில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுப்பாள்.

"இப்ப நகருங்க."