ஒன்பது மடங்கு

யாரிடமும் வழி கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா முதல் என் மூக்குக்கண்ணாடி வரை எது எங்கே இருக்கிறது என்று என் மனைவிதான் சொல்வாள். சொல்லட்டும். ஆனால் தேடுவது என் தொழில். திசையும் தூரமும் தெரியாத ஒரு பொருளை எப்படிக் குறைவாக நடந்து கண்டுபிடிப்பது என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதற்காக எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். தையல்கடை வைத்திருக்கும் என் மனைவியும் சில பட்டங்கள் கொடுத்திருக்கிறாள். அவை வேறு.

வணிக வளாகத்தில் வாரச் சாமான் வாங்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினோம். கதவு திறந்தால் வண்டி நிறுத்துமிடம். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை ஒரே நேர்ப்பாதை. ஒரே மாதிரித் தூண்கள், ஒரே மாதிரிக் கார்கள். எங்கள் காரை எந்தப் பக்கம் விட்டேன் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

வாசலில் இருக்கும் காவலாளியைக் கேட்கலாம் என்றாள். நான் மறுத்துவிட்டு உத்தியை விளக்கினேன். முதலில் இடப்பக்கம் கொஞ்ச தூரம். இல்லையென்றால் திரும்பி வந்து வலப்பக்கம் இரண்டு மடங்கு. அங்கும் இல்லையென்றால் மறுபடி இடப்பக்கம் நான்கு மடங்கு. இப்படியே போனால் எங்கே ஒளிந்திருந்தாலும் அகப்பட்டே தீரும்.

"எவ்வளவு மோசமாப் போனாலும், நேராப் போற தூரத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல நடக்க வேண்டி வராது" என்றேன் பெருமையாக.

"ஒன்பது மடங்கா? இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

"இதைவிடக் குறைச்சலா யாராலயும் முடியாது. நிரூபிச்சாச்சு."

"காவலாளியால முடியும்."

தேடுகிறவனுக்குச் சுமை ஆகாது. கைபேசி, சாவி எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். லிஃப்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு முறை தாண்டும்போது அவளைக் காணோம். என் உறுதியைப் பார்த்து மனம் மாறி, அவளும் என் உத்தியில் தேடக் கிளம்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கார் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். உடற்பயிற்சி என்று சொல்லி வைத்தேன். வலக்கோடியில் சுவர் வந்தது. இடக்கோடியிலும் சுவர் வந்தது. என் பாடத்தில் கோட்டுக்கு முடிவே கிடையாது. கட்டிடம் கட்டியவன் பாடம் படிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பின்னால் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை. மறுபடி அடித்தது.

"பாதை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றேன், திரும்பாமலே.

"எங்க அப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?"

திரும்பினேன். எங்கள் கார். ஸ்டியரிங்கில் என் மனைவி.

வண்டி இதற்கும் கீழ்த்தளத்தில் நின்றதாம். நாங்கள் வந்தபோது அங்கே இறங்கியதைக் காவலாளி ஞாபகம் வைத்திருந்தாராம். கேட்டவுடன் சொல்லிவிட்டாராம்.

நான் தளரவில்லை. உத்தியில் ஓட்டை இல்லை, கோடுதான் தப்பு, சரியான கோட்டில் விட்டிருந்தால் எப்போதோ பிடித்திருப்பேன் என்று நடுப்பாதையில் நின்று அடித்துச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஜெயித்துவிட்ட தெம்பில் முன்கதவைத் திறக்கப் போனேன்.

"முன் சீட்டுல முட்டை இருக்கு. நீங்க பின்னாடி ஏறிக்குங்க."